லாரிக்கு ஆயில் மாற்ற வீட்டு வாசலா, பட்டறையா?

பெங்களூர் யஷ்வந்த்பூர் லாரி முனையத்தில் லோடுக்காகக் காத்து நிற்கும் வண்டிகளின் எண் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்று நாமக்கல்லும் திருச்செங்கோடும் சங்ககிரியும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கலாசிபாளையத்திலும் இதே காட்சிதான். இவை போக, பெங்களூரிலேயே குடியேறி, ஒரே ஒரு லாரியையோ, டிப்பரையோ, தண்ணீர் டாங்கரையோ வைத்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சொந்தக்காரரும் அவரே, டிரைவரும் அவரே. மாதம் பிறந்தால் பைனான்ஸ் தவணை. அதன் பின்னாலேயே ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ், எப்.சி., டயர். எங்கே நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடும்போது முதலில் கண்ணில் படுவது ஆயில் சர்வீஸ்தான்.

அடியில் உள்ள பிளக்கைக் கழற்றி வடிய விட்டு, மேலே புது ஆயிலை ஊற்றி மூடுவதற்குப் பட்டறையில் எதற்குக் கூலி கொடுக்க வேண்டும்? இது நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கான விடை வண்டிக்கு வண்டி மாறும். எல்லோருக்கும் ஒரே விடையைச் சொல்பவர் ஆயில் விற்பவராகவோ பட்டறை வைத்திருப்பவராகவோ இருக்கக் கூடும்!

கூலிக் கணக்கு

கனரக லாரி எஞ்சினில், மாடலைப் பொறுத்து, 12 முதல் 20 லிட்டர் வரை ஆயில் பிடிக்கும். ஆயிலும் பில்டரும் சேர்ந்தால் செலவு ஆயிரக்கணக்கில் வருகிறது. கூலி நூற்றுக்கணக்கில்தான். ஆயில் மாற்றும் செலவில் கூலி சிறு பங்கு என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிறு பங்கும் முன்பு பெரிதாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. பழைய லாரிகளுக்குச் சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவது வழக்கம். நெடுந்தூரம் ஓடும் வண்டி ஒரே மாதத்தில் அந்தத் தூரத்தை ஓடிவிடும். ஆக, ஆண்டுக்கு 12 தடவை கூலி. தானே மாற்றத் தெரிந்தவருக்கு அது நல்ல மிச்சம். இன்றைய வண்டிகள் பலவற்றுக்கு 40,000, 60,000 கிலோமீட்டர் என்று கம்பெனியே கெடு கொடுக்கிறது. அதே ஓட்டத்துக்கு ஆண்டில் 2 அல்லது 3 தடவை மாற்றினால் போதும். மிச்சமாகும் கூலி நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆனால் தவறு நேர்ந்தால் வரும் நஷ்டமோ பல மடங்கு ஏறிவிட்டது. எஞ்சின் ‘சீஸ்’ ஆகி நின்றால் கிராங்க், பேரிங், டர்போ என்று செலவு லட்சத்தில் பேசும். வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கும் தவணை நிற்பதில்லை.

பழைய வண்டிக்குத் தானே மாற்றலாம்

வாரண்டி முடிந்துபோன பழைய லாரியாக இருந்தால், கை பழகிய டிரைவர் தானே மாற்றுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லப்போனால், சில பட்டறைகளில் அவசரத்தில் நடக்கும் வேலையைவிடச் சுத்தமாகவே அவர் செய்வார். ஏனென்றால் வண்டி அவருடையது.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். ஆயிலைக் குளிர்ந்த நிலையில் வடிக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டு நிறுத்திய பின் வடித்தால், அடியில் தங்கிய கசடும் சேர்ந்து இறங்கும். கொதிக்கும் சூடாகவும் இருக்கக் கூடாது, கை வெந்துவிடும். சொட்டுவது நிற்கும் வரை, அரை மணி நேரமானாலும், விட்டுவிட வேண்டும். லோடு வந்துவிட்டது என்று போன் வந்த மறு நிமிடமே பிளக்கை மாட்டுகிறவர், ஒரு லிட்டர் பழைய ஆயிலைப் புது ஆயிலோடு கலந்து விடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிளக்கின் வாஷர் சில ரூபாய் சமாச்சாரம். அதை ஒவ்வொரு தடவையும் மாற்றுவது நல்லது. பிளக்கை மூர்க்கமாக முறுக்கினால் சம்ப்பின் மரை தேய்ந்துபோகும்; அப்புறம் ஒழுக்கு நிற்காது. திருகி மாட்டும் பில்டரானால், அதன் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவிக் கையாலேயே முறுக்க வேண்டும். பழைய பில்டரின் ரப்பர் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று பார்க்கத் தவறக் கூடாது. அதன் மேலேயே புது ரப்பர் உட்கார்ந்தால், நெடுஞ்சாலையில் ஆயில் முழுவதும் பீய்ச்சி அடித்துவிடும்.

ஊற்றியதும் ஆக்சிலேட்டரை மிதிப்பது சிலருக்குப் பழக்கம். கூடவே கூடாது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றை நெருங்கும் டர்போவின் அச்சுக்கு ஆயில் போய்ச் சேரும் முன் அதை விரட்டுவது எமனை அழைப்பதற்குச் சமம். பிரஷர் ஏறும் வரை ஐடிலில் ஓட விட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும். குறைந்தால் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். மேல் கோட்டைத் தாண்டினாலும் கெடுதல்தான். கிராங்க் ஆயிலை மோர் போலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு உராய்வைத் தாங்கும் சக்தி கிடையாது.

‘ஆயில் கறுத்துப் போச்சு, மாத்திடுங்கண்ணே’ என்று கெடுவுக்கு முன்பே அவசரப்படுத்தும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். டீசல் எஞ்சினில் புது ஆயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். எரிபொருளின் கரியைப் படியவிடாமல் தன்னோடு கலந்து வைத்துக்கொள்வதே நல்ல ஆயிலின் வேலை. கறுத்தது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் பால் விட்ட காபி நிறத்துக்கு வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டீசல் வாடை அடித்து நீர்த்திருந்தால் டீசல் இறங்குகிறது. இரண்டுக்கும் ஆயில் மாற்றுவது மருந்தல்ல. உடனே பட்டறைதான்.

புது வண்டியின் கதை வேறு

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலுக்கு வந்தது. அதன்படி வந்த கனரக லாரிகள் பலவற்றில் புகைக் குழாயின் வழியில் டி.பி.எப். எனப்படும் வடிகட்டி இருக்கிறது. அது கரியைப் பிடித்து வைத்துச் சூட்டில் எரித்துவிடும். கரி எரியும், ஆயிலில் சேர்த்துள்ள உலோகச் சத்துக்களின் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கிக் கண்களை அடைக்கும். ஆகவே இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த தனி ஆயில் வேண்டும்.

டப்பாவில் 15டபிள்யூ-40 என்று பார்த்ததும் வாங்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அது ஆயிலின் கனத்தை மட்டுமே காட்டும். அதன் பக்கத்தில் சி.ஐ.4, சி.கே.4 என்றெல்லாம் இருப்பதுதான் தரம். பழைய எஞ்சினுக்குப் போதுமான தரம் புது எஞ்சினின் வடிகட்டிக்கு விஷமாகலாம். வண்டியோடு வந்த கையேட்டில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதுவே சட்டம்.

வாரண்டி விஷயமும் இருக்கிறது. எஞ்சினில் கோளாறு என்று போனால், கெடுவின்படி சர்வீஸ் நடந்ததா, எந்த ஆயில் போட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். வீட்டு வாசலில் மாற்றியவர் என்ன பில்லைக் காட்டுவார்? வாரண்டி உள்ள வரையில், சில நூறு ரூபாய்க்காகக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தை ஒதுக்குவது கெட்டிக்காரத்தனம் அல்ல.

டாங்கர்காரர்கள் கவனிக்க

பெங்களூரில் தண்ணீர் டாங்கர் ஓட்டுபவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு சரிப்படாது. நாள் முழுவதும் ஓடினாலும் மீட்டரில் சில பத்துக் கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும். ஆனால் எஞ்சினோ போக்குவரத்து நெரிசலிலும், சில வண்டிகளில் பம்ப்பை இயக்கவும் நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக ஓடியிருக்கும். 40,000 வரட்டும் என்று காத்திருந்தால் ஆயில் அதற்கு முன்பே செத்துப்போயிருக்கும். மணிக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கையேட்டில் கொடுத்துள்ள கெடுவைத்தான் இவர்கள் பார்க்க வேண்டும். டிப்பர்களுக்கும் இது பொருந்தும்.

பக்கத்தில் நில்லுங்கள்

பட்டறைக்குப் போகிறவர் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடக் கூடாது. பில்டரை மாற்றாமல் துடைத்து மாட்டுவது, பீப்பாயிலிருந்து உதிரி ஆயிலை ஊற்றிவிட்டுக் கம்பெனி ஆயிலுக்குப் பில் போடுவது எல்லாம் உலகத்தில் இல்லாத சங்கதிகள் அல்ல. சீல் உடைக்காத டப்பாவைத் தன் கண் முன்னால் திறக்கச் சொல்லும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு. அதைக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

பட்டறையில் வடிக்கும் பழைய ஆயிலைப் பட்டறைக்காரரே வைத்துக்கொள்வது எழுதாத வழக்கம். அதற்கும் விலை உண்டு என்பதைப் பல சொந்தக்காரர்கள் யோசிப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, பழைய ஆயிலை அரசு அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் சேர்க்க வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் கம்பெனிகளுக்கும் இதில் பொறுப்பு ஏற்பட்டிருக்கிறது.

வீட்டில் மாற்றுகிறவர் தடுமாறுவது இங்கேதான். 15 லிட்டர் கறுப்பு ஆயிலை என்ன செய்வது? ஸ்பிரிங் பட்டைகளுக்கு அடிப்பது, சென்டரிங் பலகைக்குக் கொடுப்பது, மிச்சத்தைச் சாக்கடையில் சாய்ப்பது என்று போகிறது. பெங்களூரின் ராஜகாலுவேக்கள் ஏரிகளில்தான் போய் முடிகின்றன. பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பற்றியதை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குக் காரணங்கள் பல. என்றாலும் சாக்கடையில் ஊற்றியது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு அந்த ஏரி சாட்சி. பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கும் பட்டறையில் ஒப்படைப்பதே வழி. இது நாளாவட்டத்தில் தோலில் புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது. கையுறை போட்டுக்கொள்வதும், டீசலில் கை கழுவாமல் சோப்பால் கழுவுவதும் அவசியம்.

புது ஆயில் வந்த காலி டப்பாவை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. போலி ஆயில்காரர்களுக்கு வேண்டியது அந்த அசல் டப்பாதான். ஆணியால் நாலு ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம்.