தேசப் பாதுகாப்பு வழக்கில் அரசு வக்கீல் என்ன செய்கிறார்? (எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு அப்புறம் சிதம்பரத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். சட்டம் கடைசி வருஷம் படிக்கிறார். "அண்ணா, என்.ஐ.ஏ. வழக்குகள்ல அரசு வக்கீலா வரணும்னு ஆசை. ஆனா வீட்டுல, 'போலீஸ் எழுதிக் கொடுக்கறதை கோர்ட்ல படிச்சுக் காட்டற வேலைதானே அது'ன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல"ன்னு கேட்டிருந்தார்.

நான் கடலூர்க்காரன். சிதம்பரத்துல இன்ஜினியரிங் படிச்சுட்டு இப்ப சாப்ட்வேர் வேலையில இருக்கேன். சட்டம் படிச்சவன் இல்லை. அதனால சில வார இறுதிகளை ஒதுக்கி, சட்டப் பிரிவுகளையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் படிச்சேன். படிச்சதுல எனக்குப் புரிஞ்சதைத்தான் இன்னிக்கு சொல்றேன். சட்ட ஆலோசனையா எடுத்துக்காதீங்க.

தம்பிக்கு என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். போலீஸ் எழுதினதைப் படிச்சுக் காட்டறது இந்த வேலை இல்லை. "இது பத்தாது, திருப்பி எடுத்துட்டுப் போங்க"ன்னு போலீஸ்கிட்ட சொல்றதுதான் இதுல முக்கியமான பாதி. எப்படின்னு பாப்போம்.

கடலூர்லயே ஆரம்பிக்கலாம்

1918 நவம்பர் 20. பத்து வருஷம் பாண்டிச்சேரியில இருந்த பாரதியார் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி வர்றார். கடலூர் பக்கத்துல கைது பண்றாங்க. முதல் உலகப் போர் முடிஞ்சு பத்து நாள்கூட ஆகல. பயன்படுத்தின சட்டம், போர்க் காலத்துக்காக 1914-ல கொண்டுவந்த, இந்தியாவுக்குள்ள நுழையறவங்களைக் கட்டுப்படுத்தற அவசரச் சட்டம். டிசம்பர் 14 வரைக்கும் கடலூர் சிறையில இருந்தார். அப்புறம் நிபந்தனைகளோட விட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, அவர் மேல குற்றம் சாட்டி, சாட்சி விசாரிச்சு, தீர்ப்புச் சொல்லி உள்ள வைக்கல. அரசாங்கம் ஆபத்துன்னு நினைச்சது, உள்ள வெச்சது. அவ்வளவுதான். இப்படி ஒரு அதிகாரம் இருந்தா, அதை யார் கேள்வி கேக்கறது? அரசு வக்கீல் வேலையோட அர்த்தம் இந்தக் கேள்வியிலதான் இருக்கு.

ரெண்டு வழி இருக்கு

இன்னிக்கும் தேசப் பாதுகாப்புன்னு சொல்லி ஒருத்தரை உள்ள வைக்க ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி தடுப்புக் காவல். 1980-ம் வருஷத்து தேசிய பாதுகாப்புச் சட்டம், என்.எஸ்.ஏ. தமிழ்நாட்டுல நமக்கு அதிகம் பழக்கமான குண்டாஸ் சட்டமும் இதே வகைதான். அது 1982-ம் வருஷத்து சட்டம். செஞ்ச குற்றத்துக்குத் தண்டனை இல்லை இது. இனிமே செய்யக்கூடாதுன்னு முன்கூட்டியே அடைக்கறது. மாவட்ட அளவுல கலெக்டர் உத்தரவு போடலாம். என்.எஸ்.ஏ.-ல அதிகபட்சம் 12 மாசம். காரணங்களைப் பொதுவா 5 நாளுக்குள்ள கைதானவருக்குக் கொடுக்கணும். அறிவுரைக் கழகம்னு ஒரு குழு பரிசீலிக்கும். அதுக்கு முன்னாடி வக்கீல் வெச்சுக்கற உரிமை கைதானவருக்குக் கிடையாது. ஆனா 1981 டிசம்பர்ல ஏ.கே. ராய் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு விஷயம் சொல்லிடுச்சு. அரசாங்கம் தன் பக்கம் வக்கீலையோ சட்ட ஆலோசகரையோ கொண்டுவந்தா, எதிர்ப்பக்கத்துக்கும் அந்த வாய்ப்பைக் கொடுத்தே ஆகணும்.

இங்க அரசு வக்கீல் வர்றது பெரும்பாலும் உயர் நீதிமன்றத்துலதான். கடலூர்ல போட்ட உத்தரவை எதிர்த்து குடும்பத்துக்காரங்க சென்னையில ஆட்கொணர்வு மனு போடுவாங்க. அப்ப நீதிபதிகள் கேக்கற கேள்விகள் ரொம்ப சின்னதா இருக்கும். கொடுத்த நகல் படிக்கற மாதிரி இருந்ததா? அவருக்குத் தெரிஞ்ச மொழியில கொடுத்தீங்களா? அவர் அனுப்பின முறையீட்டு மனு எந்த மேஜையில எத்தனை நாள் கிடந்தது, ஏன்? இதுக்குப் பதில் இல்லைன்னா, ஆள் எவ்வளவு ஆபத்தானவர்னு வாதாடினாலும் உத்தரவு ரத்தாகலாம். அதனால நல்ல அரசு வக்கீல் வாதத்தை யோசிக்கறதுக்கு முன்னாடி ஃபைல்ல இருக்கற தேதிகளைத்தான் பாப்பார்.

ரெண்டாவது வழி: வழக்கு

இதுதான் தம்பி கேட்ட வழி. உபா, அதாவது 1967-ம் வருஷத்து சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். மும்பை தாக்குதலுக்கு அப்புறம் 2008 டிசம்பர்ல இதைக் கடுமையாக்கினாங்க. என்.ஐ.ஏ. சட்டமும் அப்பதான் வந்தது.

சாதாரணமா ஒருத்தரை ரிமாண்ட் பண்ணினா, குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள்ள போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணணும். பண்ணலைன்னா, கேட்டா ஜாமீன் கொடுத்தே ஆகணும். இதை டீஃபால்ட் ஜாமீன்னு சொல்லுவாங்க. குற்றம் எவ்வளவு பெருசுங்கற கேள்வியே இங்க வராது. உபா வழக்குல இந்த 90 நாளை 180 வரைக்கும் நீட்டிக்கலாம். 43-டி பிரிவு அதுக்கு ஒரு நிபந்தனை வைக்குது. விசாரணை எவ்வளவு தூரம் போயிருக்கு, இந்த ஆளை இன்னும் உள்ள வைக்க என்ன குறிப்பான காரணம்னு அரசு வக்கீல் ஒரு அறிக்கை கொடுக்கணும். நீதிமன்றம் அதுல திருப்தி அடையணும்.

சட்டம் கேக்கறது போலீஸ் அறிக்கையை இல்லை, அரசு வக்கீலோட அறிக்கையை. ஏன்னு 1994-ல தடா சட்டத்துல இதே மாதிரி இருந்த ஒரு பிரிவைப் பத்தி, ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்குல உச்ச நீதிமன்றம் விளக்கிச்சு. அரசு வக்கீல் தபால் ஆபீஸ் மாதிரி கடிதத்தை வாங்கி அனுப்பறவர் இல்லை. விசாரணை அதிகாரி கேட்டதை அவர் சுயமா யோசிச்சுப் பாத்து, தனக்கே திருப்தி ஆனாத்தான் நீதிமன்றத்துக்குப் போகணும்ங்கறது அதோட சாரம்.

சாப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது உடனே புரியும். இன்னொருத்தர் எழுதின கோடை ரிவியூ பண்ண உங்களுக்கு அனுப்பறாங்க. திறந்துகூட பாக்காம அப்ரூவ் அழுத்தினா என்ன ஆகும்? பிழை இருந்தா பொறுப்பு உங்களுக்கும்தான். இங்க அந்தப் பிழையோட விலை, ஒரு மனுஷனோட மூணு மாசம்.

ஒரு நாள் கணக்கு

உதாரணத்துக்கு லீப் வருஷம் இல்லாத ஒரு வருஷத்துல, ஜனவரி 1-ம் தேதி ஒருத்தரை ரிமாண்ட் பண்ணினாங்கன்னு வெச்சுக்கோங்க. 90-வது நாள் எது? ரிமாண்ட் பண்ணின நாளையும் சேத்தா மார்ச் 31. சேக்கலைன்னா ஏப்ரல் 1. புரோகிராமர்கள் 'ஆஃப் பை ஒன்'னு சொல்ற அதே தவறு. இந்த ஒரு நாள் வித்தியாசம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஒரு அமலாக்கத்துறை வழக்குல 2023 மார்ச்ல மூணு நீதிபதிகள், ரிமாண்ட் நாளையும் சேத்துத்தான் எண்ணணும்னு சொன்னாங்க. அப்ப நம்ம உதாரணத்துல மார்ச் 31-க்குள்ள குற்றப்பத்திரிகையும் வரல, நீட்டிப்பும் வாங்கலைன்னா, ஏப்ரல் 1 காலையில அவர் ஜாமீன் கேக்கலாம்.

யார்கிட்ட நீட்டிப்புக் கேக்கறதுங்கறதும் முக்கியம். 2020-ல பிக்ரம்ஜித் சிங் வழக்குல, உபா வழக்குல மாஜிஸ்திரேட் நீட்டிக்க முடியாது. சிறப்பு நீதிமன்றம், அது இல்லாத இடத்துல செஷன்ஸ் நீதிமன்றம்தான் நீட்டிக்கணும்னு தீர்ப்பு. தப்பான கோர்ட்ல வாங்கின நீட்டிப்பு செல்லாது. 2022-ல ஜிகர் வழக்குல, நீட்டிப்புக் கேக்கும்போது கைதானவரையும் நேர்லயோ வீடியோவுலயோ ஆஜர்படுத்தணும்னு சொன்னாங்க. அவர் முதுகுக்குப் பின்னாடி முடிவெடுக்கக் கூடாது.

அப்புறம் வழக்குத் தொடர அனுமதி. உபாவுல அரசாங்கத்தோட அனுமதி இல்லாம நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கவே முடியாது. பயங்கரவாதக் குற்றங்களுக்கு, தனியா ஒரு ஆணையம் சாட்சியங்களைப் பாத்துப் பரிந்துரைக்கணும். அதுக்கு 7 வேலை நாள், அப்புறம் அரசாங்கம் முடிவெடுக்க 7 வேலை நாள். இந்தக் கெடு கட்டாயம்னு 2024 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

இப்ப ஒரு கேள்வி வரும். பயங்கரவாத வழக்குல இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஆளை விடறது? நியாயமான கோபம்தான். 1998 பிப்ரவரி 14 கோயம்புத்தூர் குண்டுவெடிப்புல 58 பேர் செத்தாங்க. அந்தக் குடும்பங்களுக்கு நீதி வேணும். ஆனா அதனாலதான் அரசு வக்கீல் முதல் நாள்ல இருந்தே காலண்டரைப் பாக்கணும். அவர் கோட்டைவிட்டா ரெண்டுல ஒண்ணு நடக்கும்: தப்பு செய்யாதவர் உள்ள இருப்பார், இல்லைன்னா தப்பு செஞ்சவர் வெளிய போவார்.

கடைசியில என்ன நிக்கும்?

ராஜீவ் காந்தி கொலை வழக்கு நம்ம எல்லாருக்கும் தெரியும். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28-ல 26 பேருக்கும் தூக்குன்னு தீர்ப்புச் சொன்னது. தடா வழக்குங்கறதால உயர் நீதிமன்றம் போகாம நேரா உச்ச நீதிமன்றம் போச்சு. 1999 மே 11-ல தீர்ப்பு: தடாவுல சொன்ன பயங்கரவாதக் குற்றத்துக்கான நோக்கம் நிரூபணம் ஆகல. 4 பேருக்குத் தூக்கு உறுதி, 3 பேருக்கு ஆயுள். மீதி 19 பேர் வெளிய வந்தாங்க. அதுல சிலர் சின்னக் குற்றங்களுக்கான தண்டனையை ஏற்கனவே அனுபவிச்சு முடிச்சவங்க.

கொலை நடந்தது உண்மை. சதியும் சிலர் மேல நிரூபணம் ஆச்சு. ஆனா 'பயங்கரவாதம்'ங்கற குற்றச்சாட்டுக்குத் தனியா ஆதாரம் வேணும். குற்றச்சாட்டை எவ்வளவு பெருசா எழுதறோமோ, அவ்வளவையும் நிரூபிக்கணும். யார் மேல எதுவரைக்கும் நிக்கும்னு ஆரம்பத்துலயே நேர்மையா சொல்ல ஒருத்தர் வேணும். 19 பேரோட வருஷங்களை யாரும் திருப்பிக் கொடுக்கல.

உபாவுல ஜாமீன் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம். அரசு வக்கீலைக் கேக்காம கொடுக்க முடியாது. குற்றச்சாட்டு மேலோட்டமா உண்மைன்னு தோணினாலே மறுக்கணும். 2019-ல வட்டாலி வழக்கு அந்தக் கதவை இன்னும் இறுக்கிச்சு. 2021-ல நஜீப் வழக்குல, விசாரணை முடிய வழியே இல்லாம வருஷக்கணக்கா உள்ள இருந்தா, உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஜாமீன் கொடுக்கலாம்னு சொன்னாங்க. அவர் அப்ப அஞ்சு வருஷத்துக்கு மேல உள்ள இருந்தார். விசாரிக்க வேண்டிய சாட்சிகள் இன்னும் 276 பேர். அந்த 276 பேருமே தேவையான்னு பாத்துப் பட்டியலைக் குறைக்கறதும் அரசு வக்கீல் செய்யக்கூடிய வேலைதான்.

தம்பி, எப்படிப் போறது?

மாஜிஸ்திரேட் கோர்ட்ல அரசு உதவி வழக்கறிஞர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு இருக்கு. செஷன்ஸ் கோர்ட் பி.பி. ஆகறதுக்கு குறைஞ்சது 7 வருஷம் வக்கீலா இருந்திருக்கணும்; செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து கலெக்டர் பட்டியல் தயாரிப்பார். என்.ஐ.ஏ. வழக்குக்கு மத்திய அரசு நியமிக்கும். அங்கயும் 7 வருஷ அனுபவம். அதாவது படிச்சு முடிச்ச உடனே யாரும் அங்க போக முடியாது. சிதம்பரம் கோர்ட்லயோ, கடலூர் மஞ்சக்குப்பத்துலயோ சாதாரணத் திருட்டு கேஸ், அடிதடி கேஸ்ல ரிமாண்ட் தேதி எண்ணிப் பழகினவங்கதான் போறாங்க.

அந்த ஏழு வருஷத்துல ஒரு பழக்கத்தை மட்டும் வளத்துக்கோங்க. இன்ஸ்பெக்டர் ஒரு பேப்பரை நீட்டி, "சார், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு சொன்னா, உக்காந்து முழுசாப் படிங்க. அவர் அவசரப்படுவார். வெளிய ஜீப் நிக்கும். இருந்தாலும் படிங்க. காரணம் இல்லைன்னா, "குறிப்பா என்ன காரணம்னு எழுதி எடுத்துட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்புங்க.

வீட்டுல கேட்டா இதைத்தான் சொல்லணும் தம்பி: அந்தப் பேப்பரை நீதிபதிக்கு முன்னாடி படிக்க வேண்டிய ஆள் நான்தான்னு.

இந்தத் துறையில வேலை பாத்தவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, நான் தப்பா சொன்னது எதுவா இருந்தாலும் எழுதுங்க; அடுத்த எபிசோடுல திருத்திச் சொல்றேன்.