காந்தம் ஒட்டும் எவர்சில்வர்

குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரின் உள்ளே நீரைச் சூடாக்கிச் சேமித்து வைக்கும் உருளை பெரும்பாலும் இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கிறது: மென்னெஃகில் செய்து உட்புறம் கண்ணாடித் தன்மையுள்ள எனாமலைச் சுட்டுப் பூசியது ஒன்று, பூச்சு ஏதுமின்றித் துருப்பிடிக்காத எஃகிலேயே செய்தது மற்றொன்று. எத்தனை லிட்டர் கொள்ளும், எத்தனை நட்சத்திரம் பெற்றது என்றெல்லாம் விசாரித்து வாங்குவோர்கூட உருளையின் உலோகத்தைப் பற்றிக் கேட்பது அரிது. ஆயினும் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் வீடுகளில் கருவியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த உலோகமே.

எஃகுடன் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருந்தால், அது ஆக்சிஜனுடன் சேர்ந்து மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஓர் ஆக்சைடுப் படலத்தை உண்டாக்குகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். சூடான பாலில் எடுக்க எடுக்க ஆடை படிவதுபோல, கீறல் விழுந்த இடத்தில் இப்படலமும் தானாகவே மீண்டும் படிந்துவிடுவதால், எவர்சில்வர்ப் பாத்திரங்கள் நாள்தோறும் தேய்த்துக் கழுவப்பட்டும் தலைமுறை தாண்டி நிற்கின்றன.

இப்படலத்தின் பகை நீரன்று, நீரில் கரைந்திருக்கும் குளோரைடு. அதாவது உவர்நீரின் உப்பு. குளோரைடு அயனிகள் படலத்தை ஏதேனும் ஒரு புள்ளியில் உடைக்கும்போது, அந்த இடம் இடுக்காகவும் நீர் தேங்குவதாகவும் இருந்தால், அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோய்ப் படலம் மீண்டும் படிய வழியில்லாமல் போகிறது. கரையும் உலோகம் அந்தச் சிறு குழிக்குள் அமிலத்தைத் தோற்றுவிக்க, அது மேலும் குளோரைடை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் பரவாமல் ஆழமாகவே துளைத்துச் செல்கிறது. பழுதான உருளையை அறுத்துப் பார்த்தால் முழுப் பரப்பும் புதிதுபோல மின்ன, பற்றவைப்புக் கோட்டின் ஓரத்தில் மட்டும் ஊசிமுனையளவு துளை தென்படுவதன் காரணம் இதுவே. பற்றவைக்கும்போது ஏறக்குறைய 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் எஃகிலுள்ள கரிமம் குரோமியத்தைப் பிணைத்துக்கொள்வதால், அந்த ஓரம் காக்கும் பொருளை இழந்து வலுக்குன்றுகிறது, கரிமம் 0.03 சதவீதத்துக்கு மேற்படாத 304எல் போன்ற வகைகள் இதைத் தவிர்ப்பதற்கென்றே உருவானவை.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், மாற்று நீர் கிடைக்காவிடில் 1000 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வகுத்திருக்கிறது. பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகையோ குளிர்நீரிலேயே ஏறக்குறைய 200 மில்லிகிராம் வரைக்குத்தான் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது; வெந்நீரில் அவ்வரம்பு இன்னும் இறங்கும். மனிதர் குடிக்கத்தக்க நீர் எவர்சில்வருக்கு ஆகாததாக இருக்கக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

இங்கேதான் பாத்திரக்கடைக் காந்தம் வாங்குவோரைத் தவறான வழியில் திருப்பிவிடுகிறது. காந்தம் ஒட்டினால் மட்டச் சரக்கு, ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்ற நம்பிக்கை, நிக்கல் கலந்த 304 வகையைக் கண்டுபிடிக்க ஓரளவு உதவுமே தவிர, துருவைத் தாங்கும் திறனை அளக்க உதவாது. காந்தம் ஒட்டாமல் செய்வது நிக்கலால் அமையும் படிக அமைப்பு, துருவைத் தடுப்பதோ குரோமியம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி வார்த்த முன்னோடித் துருப்பிடிக்காத எஃகே நிக்கல் இல்லாதது, காந்தம் ஒட்டுவது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வெந்நீர் உருளைகளுக்கு விரும்பிப் பயன்படுத்தப்படும் 444 என்ற வகையில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 2 சதவீதம் மாலிப்டினமும் உண்டு, நிக்கல் அநேகமாக இல்லை. காந்தம் நன்றாகவே ஒட்டும். அதுமட்டுமன்றி, சூடும் உப்பும் இழுவிசையும் சேரும்போது 304 வகையில் தோன்றும் மயிரிழை வெடிப்பு இதில் பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஆகவே ‘எஸ்.எஸ்.’ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்ற இரண்டெழுத்தோடு நின்றுவிடும் விளம்பரத்தை நம்பாமல் வகை எண்ணைக் கேட்டறிவதும், உவர்நீர் மிகுந்த இடங்களில் அந்த எண் வெறும் 304 என்றால் நல்ல எனாமல் உருளையையே தேர்வதும் அறிவுடைமை. எனாமலில் விடுபட்ட நுண்புள்ளிகளுக்காகத் தானே கரைந்து எஃகைக் காக்கும் மக்னீசியத் தண்டு அதனுள் இருக்கும். அது கரைந்து தீர்ந்த பின்னும் மாற்றாமல், உருளை ஒழுகிய பிறகு நிறுவனத்தைப் பழிக்கும் வழக்கமே மிகுதி.

எவர்சில்வர் உருளையுள்ள கீசரைப் பொருத்தும்போது குளிர்நீர் வழியில் துத்தநாகம் பூசிய இரும்புத் துண்டுக்குழாயை இணைத்தால், அது எவர்சில்வரைத் தொட்டிருப்பதால் விரைந்து அரிக்கப்பட்டு, உதிரும் துரு உருளையின் அடியில் படிந்து புதிய இடுக்குகளை உண்டாக்கும். பித்தளை இணைப்பு இதனைப் பெரிதும் தவிர்க்கும். வெந்நீர் வழிக்கு சி.பி.வி.சி. குழாயே தகும், சாதாரண பி.வி.சி. இளகிவிடும். கடின நீரால் படியும் சுண்ணாம்பை நீக்கக் கழிப்பறை ஆசிடை ஊற்றுவது கொடுமையான வைத்தியம்: அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குளோரைடின் செறிந்த வடிவம், எலுமிச்சை உப்புக் கரைசலே போதுமானது.

இருபத்தைந்து லிட்டர் நீர் 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு விரிவடைகிறது; பின்னோக்கிச் செல்ல முடியாதபடி ஒருவழி வால்வு தடுத்திருப்பதால், அழுத்தம் எல்லை மீறும்போது அந்த நீர் பாதுகாப்பு வால்வின் சிறு துளை வழியே சொட்டுகிறது. இதைக் கசிவென்று எண்ணித் துளையை அடைப்பவர்கள் உருளையை வெடிக்கக்கூடிய கலமாக்குகிறார்கள். சொட்டும் நீர் தொல்லையாக இருந்தால் துளையிலிருந்து ஒரு மெல்லிய குழாயைத் தரைச்சாக்கடை வரை இறக்கி, அதன் முனையைத் திறந்தே விட வேண்டும்.