அம்மாவின் சுங்குடியும் ஒரு போர்வையும்

எங்கள் ஹூப்ளியில் கைத்தையல் போர்வைக் கண்காட்சி என்றதும் கைக்குழந்தையோடு கிளம்பிவிட்டேன். யெல்லாப்பூர்ப் பக்கத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி இனப் பெண்கள் தைத்த 'கவந்தி'கள்! பழஞ்சேலையை விரித்து, அதன்மேல் துண்டுத் துணிகளை ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாய் மடித்த துண்டுகள். அதற்குப் பெயர் 'பூ'. அது இல்லாவிட்டால் போர்வை மொட்டையாம்!

என் அம்மாவின் சுங்குடி நைந்துபோய்ப் பெட்டியில் கிடக்கிறது. வெட்ட மனசு வரலைன்னு தைத்த அம்மாளிடம் சொன்னேன். "துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆனதுதான் அக்கா ஊசிக்கு இடம் கொடுக்கும், பிள்ளைக்கும் உறுத்தாது" என்றபடி, விற்பனைக்கு வைக்காத தன் போர்வையில் ஒரு நீலத் துண்டைத் தடவிக் காட்டினார். மாமியார் சேலையாம்.

வந்ததும் சுங்குடியை அலசிப் போட்டேன். காய்ந்துவிட்டது. கத்தரிக்கோலைத்தான் இன்னும் எடுக்கவில்லை.