அண்டைத் திசைவிகளும் பியர் குழுக்களும்

ஐதராபாத்தில் ஒரு நிறுவனத்தின் இணைய இணைப்பைப் பெற்றவர், அதே நகரில் வேறொரு நிறுவனத்தின் இணைப்பைப் பெற்றவருக்குத் தரவு அனுப்பும்போது, அவ்விரு நிறுவனங்களும் அருகில் எங்கும் இணைந்திராவிட்டால், அத்தரவு வேறொரு நகரத்தையோ வெளிநாட்டையோ சுற்றிவர நேரிடும். உள்நாட்டுத் தரவு உள்நாட்டிலேயே கைமாற வேண்டும் என்னும் நோக்கத்துடன் 2003-இல் நிறுவப்பட்ட, 'நிக்சி' எனச் சுருக்கமாக வழங்கப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம், தன் மையங்களுள் ஒன்றை ஐதராபாத்திலும் நடத்திவருகிறது.

இத்தகைய மையத்தில் ஒவ்வொரு நிறுவனமும், தரவு செல்ல வேண்டிய வழியைத் தீர்மானிக்கும் ரவுட்டர் எனப்படும் திசைவியைப் பொதுவான சுவிட்ச் ஒன்றுடன் இணைக்கிறது. எனினும் கம்பியை இணைத்துவிட்டால் மட்டும் தரவு பாய்ந்துவிடாது. எந்த முகவரிகளுக்குத் தன்வழியே செல்லலாம் என்பதை ஒரு திசைவி மற்றதற்கு அறிவித்தாக வேண்டும். அதற்கான பொது விதிமுறையே பிஜிபி. 1989-இல் முதன்முதலில் வரையறுக்கப்பட்ட இதன் நான்காம் பதிப்பே இன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது.

நிறுவனத்தின் உட்புற வலையமைப்பில் இயங்கும் பல விதிமுறைகள் அருகிலுள்ள திசைவிகளைத் தாமே கண்டறிந்துகொள்கின்றன. பிஜிபியோ, நிர்வாகி பெயர் குறித்துச் சேர்க்காத எதனோடும் பொதுவாக உறவுகொள்வதில்லை. எதிர்த்திசைவியின் ஐபி முகவரியையும் அதன் வலையமைப்புக்குரிய தனி எண்ணையும் இரு தரப்பாரும் தத்தம் திசைவியில் எழுதினால்தான் அவை 'அண்டைகள்' ஆகின்றன. இந்தத் தனி எண்ணை இந்தியாவில் நிக்சியின் பிரிவான 'ஐரின்' வழங்குகிறது. உறவு ஏற்பட்டபின் இரு திசைவிகளும் குறித்த இடைவெளியில் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒப்புக்கொண்ட காலத்துக்குள் செய்தி வராவிட்டால் உறவு முறிந்ததாகக் கருதப்பட்டு, அந்த அண்டை தந்த வழிகள் அனைத்தும் நீக்கப்படுகின்றன.

அண்டைகள் பெருகும்போது வேலையும் பெருகுகிறது. 40 அண்டைகளுக்குத் தலா ஓர் எண்வரியும் ஆறு பொது விதிகளும் எழுத வேண்டுமானால் 280 வரிகள் தேவைப்படும். அந்த ஆறு விதிகளை ஒரு 'பியர் குழு'வுக்கு ஒருமுறை எழுதி, ஒவ்வோர் அண்டைக்கும் எண்ணை ஒரு வரியிலும் குழுப் பெயரை ஒரு வரியிலும் குறித்தால், குழுவை உருவாக்கும் வரியோடு சேர்த்து 87 வரிகள் போதும். பழைய திசைவிகளில் இதற்கு வேறொரு பயனும் இருந்தது: குழு முழுவதற்குமான அறிவிப்பை ஒரே முறை தயாரித்துப் படியெடுத்து அனுப்பியதால் செயலியின் சுமை குறைந்தது. அதனாலேயே வெளியே அனுப்பும் அறிவிப்புக்கான விதி குழுவினர் அனைவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதாயிற்று. உள்ளே பெறுவதற்கான விதியை மட்டும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே அண்டைகளை வாடிக்கையாளர், சமநிலைக் கூட்டாளி, மேல்நிலைச் சேவையளிப்பவர் என உறவின் தன்மைப்படி பிரிப்பதே முறை. பரிமாற்றகக் கூட்டாளிக்குத் தன் வழிகளையும் தன் வாடிக்கையாளரின் வழிகளையும் மட்டுமே ஒரு நிறுவனம் அறிவிக்க வேண்டும். அண்டை தவறான குழுவில் சேர்க்கப்பட்டாலோ குழுவின் விதி பிழைபட்டாலோ, அறிவிக்கக் கூடாத வழிகள் கசிகின்றன. ஒரே வரியில் நேர்ந்த பிழை 40 அண்டைகளையும் ஒருங்கே சென்றடைகிறது.

தவறான அறிவிப்பு எவ்வளவு தொலைவு பரவும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியாவின் 55410 என்னும் எண்ணுடைய வலையமைப்பு, பிறருக்குரிய 30,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என அறிவித்ததால் உலகின் பல வலையமைப்புகள் பாதிக்கப்பட்டன. அண்டையிடமிருந்து ஏற்கத்தக்க முகவரிகளை வரையறுக்கும் வடிகட்டியும், எண்ணிக்கை வரம்பு மீறினால் உறவைத் துண்டிக்கும் கட்டளையும் இத்தகைய பிழை மேலும் பரவாமல் தடுப்பவை. விதி எழுதப்படாத வெளி அண்டையிடமிருந்து எதையும் ஏற்கவோ அதற்கு எதையும் அறிவிக்கவோ கூடாது என 2017-இல் வெளியான தர ஆவணமும் வரையறுக்கிறது. குழுவின் வசதியைப் பயன்படுத்தும் நிர்வாகி, இக்காப்புகளையும் அதே குழுவின் விதிகளிலேயே முதலில் எழுதிவிடுவது கடமையாகும்.