பீரோவில் மகிழம்பூ மணக்கட்டும்!

உங்கள் வீட்டுத் துணி பீரோவைத் திறந்ததும் என்ன வாசனை வருகிறது? பாச்சை உருண்டை நெடிதானே? நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் அதுதான். பட்டுப் புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாலும், பக்கத்தில் வந்து உட்காருகிறவர் மூக்கில் முதலில் ஏறுவது அந்த நெடிதான்.

நெடி மூக்கோடு போனால் பரவாயில்லையே, சகோதரிகளே! எங்கள் குடும்பத்தில் 2019-ம் வருஷம் அது ஒரு பச்சைக் குழந்தையின் உடம்புக்குள் போய்விட்டது. என் பெரிய நாத்தனாரின் மகளுக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை, மூன்று கிலோ எடை. சுகப்பிரசவமாகி வீட்டுக்கு வந்தாயிற்று. பிள்ளைத் துணிக்குப் பழைய வேட்டிதான் மெத்தென்று இருக்கும் என்று, டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த தாத்தாவின் வேட்டிகளை எடுத்துக் கிழித்து, இடுப்பில் கட்டவும் மேலே சுற்றவும் வைத்துக்கொண்டார்கள். நாம் எல்லோரும் செய்வதுதானே?

ஏழாம் நாள் குழந்தையின் கண் மஞ்சளாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் உள்ளங்கால் வரை மஞ்சள். பால் குடிக்க எழுப்பினால் கண்ணையே திறக்கவில்லை. "அத்தை, பிள்ளை துவண்டு துவண்டு விழுது" என்று அந்தப் பெண் போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கேட்ட கேள்விகளில் ஒன்று, "குழந்தைத் துணியை எங்கே எடுத்து வைத்திருந்தீர்கள்? அந்துருண்டை போட்டிருந்ததா?" என்பது. "பாச்சை உருண்டை போடாத பெட்டி எந்த வீட்டிலம்மா இருக்கு?" என்றார் நாத்தனார்.

குழந்தையை நீல விளக்கின் கீழ் போட்டார்கள். ரத்தத்தை மாற்ற வேண்டி வந்தாலும் வரலாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். நல்லவேளை, அந்த அளவுக்குப் போகாமல் ஆறு நாளில் வீடு திரும்பினான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், வால் மட்டும்தான் இல்லை!

டாக்டரம்மா எங்களுக்கு விளக்கிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சில குழந்தைகளுக்கு, அதிலும் ஆண் குழந்தைகளுக்கு, ரத்தத்தின் சிவப்பணுவில் ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். பெரும்பாலும் தாய்வழியாக வருவது இது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போனால், சிவப்பணுக்கள் உடைந்துபோகும். காமாலை ஏறும். அது அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும்; காது கேட்காமலே போய்விடவும் கூடும். பிறந்த குழந்தைகளில் நிறையப் பேருக்குச் சாதாரணமாக வந்து போகிற காமாலையும் உண்டு. ஆகவே பயந்துவிட வேண்டாம். ஆனால் மஞ்சள் கால் வரை இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, வெயிலில் காட்டிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அன்றைக்கே என் வீட்டு பீரோவைக் காலி செய்தேன். உருண்டைகளைப் பொறுக்கி, காகிதத்தில் கட்டி வெளியே எறிந்தேன். குழம்புக்கு உப்பு எடுக்கிற மாதிரி கை நிறைய அள்ளிப் போட்டிருந்தோம்! பீரோவை நான்கு நாள் திறந்து போட்டு, துணி எல்லாவற்றையும் துவைத்துக் காற்றாட உலர்த்திய பிறகுதான் நெடி அடங்கியது. இனி அந்த இடத்தில் என்ன வைப்பது என்ற யோசனையில் பிறந்ததுதான் இந்த வாசனைப் பொட்டலம்.

மேல்நாட்டில் இதற்கு அண்ணன் முறையாக ஒன்று உண்டு. காய்ந்த பூவிதழ்களையும் பட்டை, கிராம்பையும் கலந்து கிண்ணத்தில் வைத்துக் கூடத்தை மணக்க வைப்பார்கள். 'போப்பூரி' என்று பெயர். "பூரி சரி, கிழங்கு எங்கே?" என்றார் என் வீட்டுக்காரர்! பிரெஞ்சு மொழியில் அதற்கு 'அழுகிய பானை' என்று அர்த்தமாம். அந்தக் காலத்தில் ரோஜா இதழையும் உப்பையும் அடுக்கடுக்காக ஜாடியில் அமுக்கி, நாம் நார்த்தங்காய் போடுகிற மாதிரி ஊறவைத்துச் செய்ததால் அந்தப் பெயர் பொருந்தித்தான் போகிறது. இப்போது பரிசுப் பொருள் கடைகளில் பாக்கெட்டில் விற்பதைப் பிரித்துப் பாருங்கள். பலவற்றில் சாயம் தோய்த்த மரச்சீவல்தான் இருக்கும், மேலே செண்ட் தெளித்து. அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? என் அப்பத்தாவின் பெட்டியில் புடவை மடிப்புக்கு நடுவே தாழம்பூ மடல் இருக்கும். தமிழாசிரியராக இருந்த என் மாமனார் சொல்வார், சிலப்பதிகாரத்தில் மாதவி கூந்தலை அலசிய நீரில் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்று. நமக்கு முப்பத்திரண்டு வேண்டாம். ஏழெட்டு இருந்தால் போதும். பெரும்பாலானவை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

முதலில் பூ. மதுரைக்காரி சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம், மல்லிகை இதற்கு உதவாது. காய்ந்தால் பழுப்பாகி, வாசனையும் கெட்டுவிடும். பெரிய பெரிய கலர் ரோஜாவும் பார்வைக்குத்தான். மாலை கட்டுகிற பன்னீர் ரோஜாதான் சரி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை இறங்குகிற நேரம் பார்த்து உதிரியாக அரைக் கிலோ வாங்குவேன். காய்ந்தால் ஆறில் ஒரு பங்கு தேறினாலே அதிகம், அதனால் குறைவாக வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள். மரிக்கொழுந்து இரண்டு கட்டு வாங்குங்கள். அது காய்ந்த பிறகும் மணக்கும்.

எல்லாவற்றுக்கும் ராணி மகிழம்பூ! எத்தனை காய்ந்தாலும் மணம் மாறாத பூ அது ஒன்றுதான் என்று நான் சொல்வேன். திருவொற்றியூர் கோயிலுக்குத் தலமரமே மகிழம்தான். உங்கள் தெருவிலோ பூங்காவிலோ மகிழமரம் இருந்தால் விடியற்காலையில் போய்ப் பாருங்கள், தரையெல்லாம் குட்டிக் குட்டி நட்சத்திரமாகக் கொட்டிக் கிடக்கும். மரத்தைத் தொடவே வேண்டாம், பொறுக்கினால் போதும். குழந்தைகளை அழைத்துப் போனால் அரை மணியில் ஒரு கூடை சேர்ந்துவிடும்.

இதழ்களை வெயிலில் போடாதீர்கள். நிறமும் போகும், மணமும் போகும். பழைய வெள்ளைத் துணியில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் நான்கைந்து நாள் உலர்த்த வேண்டும். அப்பளம் மாதிரி கையில் நொறுங்கினால்தான் காய்ந்ததாக அர்த்தம். துளி ஈரம் இருந்தாலும் ஜாடி முழுக்கப் பூஞ்சை பிடித்துவிடும். மழை மாதத்தில் இந்த வேலையே வேண்டாம். ஆடிக் காற்றிலும் கவனம், பக்கத்து வீட்டுக்காரி வாசலில்தான் உங்கள் ரோஜா இதழைத் தேட வேண்டியிருக்கும்!

பூவை மட்டும் கலந்து வைத்தால் சில வாரத்தில் மணம் ஓடிவிடும். அதைப் பிடித்து நிறுத்த வேரும் கிழங்கும் வேண்டும். அவற்றின் எண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும். மேல்நாட்டார் இதற்கு ஐரிஸ் என்ற செடியின் கிழங்கைப் போடுகிறார்கள். நமக்குத்தான் வெட்டிவேர் இருக்கிறதே! கடலூர்ப் பக்கத்து மணலில் விளைகிற வேர் நம் ஊர்க் கடைக்கெல்லாம் வருகிறது. அதோடு குளியல் பொடிக்குப் போடுகிற பூலாங்கிழங்கும், கிச்சிலிக் கிழங்கும்.

என் அளவு இதுதான்: காய்ந்த ரோஜா இதழ் 2 டம்ளர், மரிக்கொழுந்து 1 டம்ளர், மகிழம்பூ அரை டம்ளர். வெட்டிவேர் 25 கிராமைக் கத்தரிக்கோலால் விரல்கடை நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பூலாங்கிழங்கு 50 கிராம், கிச்சிலிக் கிழங்கு 25 கிராம், கிராம்பு 10 கிராம், பட்டை 10 கிராம் எல்லாவற்றையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டு மாவாக்கிவிடாதீர்கள், பொடி துணி வழியே கசிந்து புடவையைக் கறையாக்கும். பாயசத்துக்கு ஏலக்காய் தட்டும்போது தோலை எறியாமல் சேர்த்து வைத்திருந்தால் அதையும் போடலாம். இரண்டு கமலா ஆரஞ்சின் தோலை உள்பக்க வெள்ளையைச் சுரண்டிவிட்டு, பொடியாக நறுக்கிக் காயவைத்துச் சேர்த்தால் தனி மணம்.

எல்லாவற்றையும் ஜாடியில் போட்டு மூடி, இருட்டான அலமாரியில் ஒரு மாதம் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் குலுக்கினால் போதும். முதல் வாரத்தில் கிராம்புதான் தூக்கலாக இருக்கும். மாதம் திரும்பும்போது எது எந்த வாசனை என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றாகிவிடும். ஊறுகாய் ஜாடி மட்டும் வேண்டாம். எத்தனை தேய்த்தாலும் ஆவக்காய் தன் குணத்தைக் காட்டும்.

கூடத்தில் வைக்க மண் கிண்ணமோ, நன்றாக வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சியோ அழகாக இருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இயற்கைப் பொருள் என்றாலும் கிராம்பு தொண்டையில் சிக்கினால் சிக்கினதுதான். பச்சைக் கற்பூரம் சேர்த்தால் மணம் தூக்கும் என்பார்கள், நான் சேர்ப்பதில்லை. எந்தக் கற்பூரமானாலும் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரும். தொட்டிலுக்குப் பக்கத்திலும், இழுப்பு நோய் உள்ளவர் படுக்கிற அறையிலும் எந்த வாசனையும் வேண்டாம். பிள்ளைத் துணி வைக்கிற இடத்திலும் ஒன்றும் வேண்டாம். துவைத்து வெயிலில் காய்ந்த துணிக்கு அந்த வெயில் வாசனையே போதும்.

பீரோவுக்கு வருவோம். பூச்சிக்கு வாசனை மட்டும் போதாது. வசம்பைத் தட்டி, காய்ந்த வேப்பிலை, கிராம்பு, வெட்டிவேர் சேர்த்துத் தனியாக ஒரு பொட்டலம் கட்டி மூலையில் போடுங்கள். வசம்பு நெடி கொஞ்சம் காட்டம்தான், அதனால் பூ கலவையோடு சேர்க்க வேண்டாம். (பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் இருந்தாலும், அதை உரைத்துக் குழந்தைக்குப் புகட்ட வேண்டாம் என்றுதான் இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள்.) இவை பூச்சியை அண்டவிடாமல் செய்யுமே தவிர, ஏற்கெனவே குடியேறினதைக் கொல்லாது. வேர்வையும் சாம்பார்க் கறையும் உள்ள துணியைத்தான் பூச்சி தேடி வரும். கஞ்சி போட்ட துணி என்றால் வெள்ளிப் பூச்சிக்கு விருந்து. ஆகவே கட்டிக் களைந்த பட்டை நிழலில் காற்றாடப் போட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிரித்து மடிப்பை மாற்றிப் போட்டால் ஜரிகையும் விட்டுப்போகாது, பூச்சியும் கண்ணில் பட்டுவிடும்.

பொட்டலம் தைக்க ரவிக்கை வெட்டின மிச்சத் துண்டுகளே போதும். மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். நைலானில் மணம் வெளியே வராது. உள்ளங்கை அளவில் பை தைத்து, மூன்று மேஜைக்கரண்டி கலவை போட்டு, வாயை ரிப்பனால் கட்டிவிட வேண்டியதுதான். ஆனியில் பூவைக் காயவைத்து, ஆடிக் கடைசியில் ஜாடியில் போட்டால் நவராத்திரிக்குத் தயார்! கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு பிளாஸ்டிக் டப்பாவும் சீப்பும் கொடுத்துக் கொடுத்து எல்லார் வீட்டுப் பரணும் நிரம்பிவிட்டது. போன இரண்டு வருஷமாக நான் இந்தப் பொட்டலத்தைத்தான் வைத்துக் கொடுக்கிறேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டில், "பீரோவில் வைக்கவும். குழந்தைகள் கைக்கு எட்ட வேண்டாம். பாச்சை உருண்டையை எடுத்துவிடவும்" என்று என் பெண் எழுதிக் கொடுப்பாள். ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டார்களே என்று, சின்னப் பனையோலைக் கொட்டானில் வைத்து 60 செய்து கொடுத்தேன்.

ஒரு பொட்டலம் நாலைந்து மாதம் மணக்கும். குறைந்தால் கையால் நன்றாகக் கசக்கிவிடுங்கள், மறுபடி எழும்பும். அதற்கும் அசையாவிட்டால் பிரித்து, வெட்டிவேரை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு மற்றதை ரோஜாச் செடியின் அடியில் கொட்டிவிடலாம். வேரை ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், அதில் இன்னும் மணம் மிச்சமிருக்கும்.