வளையும் கண்ணாடி!

சித்திரை மாதம். உச்சி வெயில். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையைப் பாருங்கள். தூரத்தில் வரும் லாரி நெளிகிறது. புளியமரம் ஆடுகிறது. ஆனால் காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை! பிறகு மரம் ஆடுவது எப்படி?

ஆடுவது மரம் அல்ல. வெளிச்சம் வரும் வழிதான் ஆடுகிறது. தரை சுடுகிறது. அதன்மேல் உள்ள காற்று ஓரிடத்தில் அதிகச் சூடாகவும், ஓரிடத்தில் குறைவாகவும் இருக்கிறது. அதனால் ஒளி நேராக வராமல் வளைந்து வளைந்து வருகிறது.

இந்தத் தொல்லை விஞ்ஞானிகளையும் விடவில்லை.

பஞ்சத்தில் பிறந்த எண்ணம்

திண்டுக்கல் மாவட்டத்தின் மலைநகரம் கொடைக்கானல். அங்கே, 2,343 மீட்டர் உயரத்தில், சூரியனை ஆராயும் நிலையம் இருக்கிறது.

1876-ல் தொடங்கிய கொடிய பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் அப்போது எழுந்தது. 1899-ல் கொடைக்கானல் நிலையம் அமைந்தது. 1909-ல் அங்கே ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகமே வியந்தது.

ஆனால் ஒரு சங்கடம். எந்தச் சூரியனைப் பார்க்க வேண்டுமோ, அதே சூரியன்தான் காற்றையும் சூடாக்குகிறது. தொலைநோக்கியில் விழும் சூரியனின் உருவம் நடுங்குகிறது!

கண்ணாடி வளையுமா?

வளையும். 1953-ல் அமெரிக்க வானநூலார் ஹோரேஸ் பாப்காக் இதற்கு வழி சொன்னார். ஒளி எப்படிக் கோணலாகிறதோ, அதற்கு எதிராகக் கண்ணாடியைக் கோணலாக்கினால் கணக்கு நேராகிவிடும் என்றார். அதைச் செய்யும் வேகமுள்ள கம்ப்யூட்டர் அன்று இல்லை. பின்னால் வந்தது.

இப்போது கண்ணாடியை மெல்லியதாகச் செய்கிறார்கள். அதன் முதுகில் சின்னச் சின்னத் தண்டுகள். மின்சாரம் பாய்ந்தால் அவை நீளும், குறுகும். எவ்வளவு? தலைமயிரின் கனத்தில் ஒரு சிறு பங்குதான்! ஒரு கருவி ஒளியின் கோணலை அளக்கிறது. கம்ப்யூட்டர் உத்தரவிடுகிறது. இது ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது.

திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தகட்டையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். இங்கே தண்டுகள்தான் தகடுகள், கம்ப்யூட்டர்தான் சாவி.

கொடைக்கானல் கோபுரத் தொலைநோக்கியிலும் இந்திய வான் இயற்பியல் நிலைய விஞ்ஞானிகள் இந்த முறையைக் கையாண்டு ஆராய்ந்திருக்கிறார்கள்.

லேசருக்கும் இதே வைத்தியம்

வெளிக் காற்றில்தான் இந்தத் தொல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரில் 192 லேசர் கதிர்கள் ஒன்றுகூடித் தாக்கும் ஆராய்ச்சிக்கூடம் உண்டு. கதிருக்குச் சக்தி ஏற்றும் கண்ணாடிப் பலகைகள் சூடாகின்றன. உடனே கதிர் கோணலாகிறது. தாக்க வேண்டிய இடமோ மிகச் சிறியது. ஒரு சிறு உலோகக் குழல். அதற்குள் மிளகிலும் சிறிய உருண்டை!

ஆகவே ஒவ்வொரு கதிருக்கும் ஒரு வளையும் கண்ணாடி வைத்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் 39 தண்டுகள்.

2022 டிசம்பர் 5-ல் அங்கே வெற்றி கிட்டியது. குழலுக்குள் போன லேசர் சக்தி 2.05 மெகாஜூல். அணுக்கள் இணைந்து வெளிவந்த சக்தி 3.15 மெகாஜூல்! சூரியனுக்குள் நடப்பதும் அணுக்களின் இணைப்புத்தான். ஆனாலும் லேசர்களை இயக்க இதைவிடப் பல மடங்கு மின்சாரம் செலவானது. வீட்டு விளக்கை எரிக்க இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

நமக்கு என்ன லாபம்?

1989 மார்ச்சில் சூரியனிலிருந்து எழுந்த புயலால் கனடாவின் கியூபெக் மாகாணமே இருளில் மூழ்கியது. சுமார் ஒன்பது மணி நேரம் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. இத்தகைய புயல்கள் சூரியப் புள்ளிகள் உள்ள இடங்களிலிருந்தே பெரும்பாலும் கிளம்புகின்றன. அவற்றைத் தெளிவாகப் பார்த்தால்தான் புயலை முன்கூட்டி அறியும் வழி பிறக்கும்.

அடுத்த தடவை வெயிலில் புளியமரம் ஆடினால், குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஆடும் அந்த ஒளியை நேராக்கத்தான் கண்ணாடி வளைகிறது என்று சொல்லுங்கள்!