சொல்லடைவு நிரல்களில் வழு காணல்: நிறுத்தி வினவும் முறை

கணினிவழித் தொகுத்த சொல்லடைவு ஒன்றில் ‘கொடி’ என்னும் சொல் இரு பதிவுகளாக இடம்பெற்றுள்ளது எனக் கொள்க. ஒன்று ‘கொ’ வரிசையில் உரிய இடத்தில் நிற்கிறது. மற்றொன்று ‘கெ’ வரிசையின் இறுதியில் கிடக்கிறது. நிரல் எங்கும் தடைப்படவில்லை. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. சொல்வருகை எண்ணிக்கையைச் சான்றாகக் கொண்டு ஒரு நூலின் நடையையோ காலத்தையோ துணியும் ஆய்வாளருக்கு இத்தகைய ஓசையற்ற வழுவே பெருந்தீங்கு விளைப்பது.

நிரலின் இடையிடையே அச்சுக் கட்டளைகளை இட்டுப் பார்ப்பது பலரும் கையாளும் வழி. இங்கு அது உதவாது. அச்சில் இரண்டும் ‘கொடி’ என்றே தோன்றும்.

இந்நிலையில் பயன்படுவது வழுநீக்கி. பெயர் சற்று மிகைதான். அக்கருவி வழுவை நீக்குவதில்லை, ஓடும் நிரலை வேண்டிய வரியில் நிறுத்தி, அக்கணத்தில் மாறிகள் கொண்டுள்ள மதிப்புகளை வினவ இடந்தருகிறது. பைத்தான் மொழியுடனேயே பிடிபி என்னும் வழுநீக்கி வருகிறது. 2018இல் வெளிவந்த 3.7 பதிப்பு முதல், ‘பிரேக்பாயிண்ட்’ என்னும் ஓர் அழைப்பை நிரலில் எழுதினாலே அது இயங்கத் தொடங்கும். இலட்சக்கணக்கான சொற்களில் ஒவ்வொன்றுக்கும் நிற்க வேண்டியதில்லை. சொல் ‘க’வில் தொடங்கி ‘டி’யில் முடிந்தால் மட்டும் நிற்குமாறு நிபந்தனை விதிக்கலாம். ‘கடி’, ‘கூடி’ ஆகியவற்றிலும் நிற்கும். தொடர்க எனப் பணித்து அவற்றைக் கடந்துவிடலாம்.

‘கொடி’யில் நின்றதும் சொல்லின் நீளத்தைக் கேட்க வேண்டும். இலக்கணப்படி எழுத்து இரண்டே. கணினியோ ஓரிடத்தில் 4 என்றும் மற்றோரிடத்தில் 5 என்றும் விடையளிக்கிறது. அடுத்து ஒவ்வொரு குறியின் ஒருங்குறி எண்ணைக் கேட்டால் உண்மை வெளிப்படும். முதலாவது 2965, 3018, 2975, 3007; இரண்டாவது 2965, 3014, 3006, 2975, 3007. ஒகரக் குறி ஒன்றில் தனிக் குறியாகவும், மற்றொன்றில் ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரிந்தும் பதிவாகியுள்ளது. வரிசை பிறழ்ந்ததன் காரணமும் இதுவே.

வழு தென்பட்ட இடமும் புகுந்த இடமும் ஒன்றல்ல. செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்த அடுக்கில் படிப்படியாக மேலேறினால், கோப்பைப் படிக்கும் செயற்கூற்றிலேயே சொல் இவ்வடிவில் நுழைந்தது தெரியவரும். என்.எஃப்.சி. எனப்படும் ஒருங்குறி இயல்பாக்கத்தை அங்குச் சேர்க்க வேண்டும். நிறுத்திய நிலையிலேயே அதனைச் சொல்லின்மீது இயக்கி, நீளம் 4 ஆவதைக் கண்டபின் நிரலைத் திருத்தலாம்.

ஔகாரம் இவ்வளவு எளிதில் தீர்வதன்று. ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகர எழுத்துமாக ‘கெளரவம்’ என உள்ளிடுவோர் பலர். ஒருங்குறி இவ்விரண்டையும் நிகரெனக் கொள்ளாமையால் இயல்பாக்கம் இதனைத் தொடாது. ‘கெள’ வருமிடமெல்லாம் மாற்றுமாறு பணித்தாலோ ‘கெளுத்தி’ மீனும் சிதையும். ஆகவே அத்தொடர் வரும் ஒவ்வொரு புதுச் சொல்லிலும் நிரலை நிறுத்தித் தமிழறிந்தவரே துணிய வேண்டும். துணிந்தவற்றைத் தனிப் பட்டியலாகச் சேமித்தால் அடுத்த நூலில் அச்சொற்களுக்காக மீண்டும் நிற்க வேண்டியதில்லை.